பால்காரரின் ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு விடியுமுன் நீள ஓட்டத்துக்குக் கிளம்பும் ஓட்டக் குழு நண்பர்களுக்கு,

சனிக்கிழமை இரவே ஷூவையும் சாக்ஸையும் வாசல் பக்கம் எடுத்துவைத்துவிட்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்துப் படுப்பவர்கள் நீங்கள். கல்யாண வரவேற்பில் ஏழரை மணிக்கே பந்தியைத் தேடுவதும், “நாளைக்கு இருபத்தஞ்சு இருக்கு” என்று சொல்லிச் சொந்தக்காரர்களைக் குழப்புவதும் உங்கள் வழக்கம். அந்த இருபத்தைந்து கிலோமீட்டரையும் மெதுவாக ஓட வேண்டும், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகம் போதும் என்று உங்கள் கோச் சொல்லியிருப்பார். அவருக்கு அதை யார் சொன்னது, அந்த யாருக்கு வேறு யார் சொன்னது என்று பின்னாலேயே போனால், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தும் வீடு வீடாகப் பால் ஊற்றியும் பிழைத்த ஒருவரின் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். அவர் பெயர் ஆர்தர் லிடியார்ட்.

ஓட்டப் பயிற்சிப் புத்தகங்களில் அவருக்குத் தனி அத்தியாயம் உண்டு. அவர் பெயரில் பயிற்சி முறை இருக்கிறது, அதை விளக்கும் அட்டவணைகள் இருக்கின்றன. இந்த மடல் அந்த லிடியார்ட்டைப் பற்றியது அல்ல. ஒவைராக்கா என்ற பேட்டை கிளப்பின் உறுப்பினராக இருந்து, வேலை முடிந்து வந்து, ஒரு காசு வாங்காமல் அக்கம்பக்கத்துப் பையன்களை ஓட வைத்த லிடியார்ட்டைப் பற்றியது. அட்டவணைகளைப் படிக்கிறவர்கள் இந்த மனிதரைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1917 ஜூலை 6 அன்று பிறந்தவர். இளவயதில் ரக்பி ஆடினார், அதனாலேயே உடம்பு கட்டாக இருக்கிறது என்று நம்பினார். 1940-களின் நடுவில் ஒரு நாள், லின்டேல் என்ற உள்ளூர் ஓட்டக் கிளப்பின் தலைவர் ஜாக் டோலன் அவரை ஐந்து மைல் ஓடக் கூட்டிப் போனார். எட்டு கிலோமீட்டர். உங்களில் பலர் அலுவலகம் போகுமுன் அலட்டிக்கொள்ளாமல் முடிக்கிற தூரம். டோலன் அவரைவிட வயதில் மூத்தவர், ஆனால் பதற்றமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். லிடியார்ட்டுக்கோ நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இருபத்தேழு வயதிலேயே இந்தக் கதி என்றால் நாற்பத்தேழில் என்ன ஆவோம் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது. பிறகு அவரை விடவேயில்லை.

யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஓட்டப் பயிற்சி என்றால் இடைவெளிப் பயிற்சிதான். டிராக்கில் குறிப்பிட்ட தூரத்தை வேகமாக ஓடுவது, சற்று மூச்சு வாங்குவது, மறுபடி ஓடுவது. ஜெர்மனியில் கெர்ஷ்லர், ஹங்கேரியில் இக்லோய் என்று பெரிய பயிற்சியாளர்கள் எல்லோரும் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக இருந்தார்கள். லிடியார்ட்டிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, அந்தப் படிப்பும் இல்லை. இருந்ததெல்லாம் சொந்தக் கால்கள். அதில்தான் சோதனை. ஒரு வாரம் கொஞ்சமாக ஓடிப் பார்ப்பார், இன்னொரு வாரம் 250 மைல் வரைகூட ஓடிப் பார்ப்பார். 250 மைல் என்றால் 400 கிலோமீட்டர்! கூடினால் உடம்பு என்ன சொல்கிறது, குறைந்தால் என்ன சொல்கிறது என்று வருடக்கணக்கில் கவனித்து, வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், நிதானமான ஆனால் சோம்பலில்லாத ஓட்டம் என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தார். குழந்தை குட்டியோடு, வேலைக்கும் போய்க்கொண்டு செய்த ஆராய்ச்சி இது. 1950-இல் ஆக்லாந்திலேயே நடந்த எம்பயர் விளையாட்டுப் போட்டியில் மராத்தான் ஓடினார். 1953-இலும் 1955-இலும் நியூசிலாந்து மராத்தான் சாம்பியனும் ஆனார்.

அதற்குள் வாசலில் பையன்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். அவர் யாரையும் தேடிப் போகவில்லை, தேர்வு முகாம் என்று எதுவும் நடக்கவில்லை. கிளப்பில் சேர்ந்தவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். மர்ரே ஹால்பெர்க் என்ற இளைஞனுக்குப் பதினேழு வயதில் ரக்பி ஆட்டத்தில் தோள் சிதைந்து இடது கை சூம்பிப் போயிருந்தது. பீட்டர் ஸ்னெல் டென்னிஸ் பிடித்த பையன், தடித்த தேகக்காரன், நீள ஓட்டக்காரன் என்று பார்த்தவுடன் யாரும் சொல்ல மாட்டார்கள். பாரி மாகீ, பில் பெய்லி, இன்னும் சிலர். நடுத்தூரம் ஓடுகிறவனும் மராத்தான் ஓடுகிறவனும் அவரிடம் ஒரே வகுப்பு. 800 மீட்டர்காரன் எதற்காக வாரம் 160 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று அன்றைக்குக் கேட்காதவர்கள் இல்லை.

எல்லோருக்கும் பொதுவான தேர்வு ஞாயிற்றுக்கிழமைதான். வைட்டாகெரே மலைத்தொடர் வழியாக வையாடருவா என்ற மேட்டைத் தொட்டுத் திரும்பும் 22 மைல் சுற்று. 35 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கிளம்பியதும் சாலை ஏற ஆரம்பிக்கும், ஏறிக்கொண்டே இருக்கும், மேட்டைத் தாண்டி இறங்கிய பிறகும் வீடு வெகுதூரத்தில் இருக்கும். ஸ்னெல் முதல் தடவை அதை ஓடி முடித்து வீட்டுக்கு வந்ததும் தாங்க முடியாமல் அழுதுவிட்டதைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் அழுத அழுகை அது. அடுத்த ஞாயிறு நீள ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டரில் உங்களுக்குத் தொண்டை அடைத்தால் வெட்கப்படாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தச் சுற்றை அவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. நாற்பதை நெருங்கிய வயதில் பையன்களோடு சேர்ந்து அவரும் ஓடினார். யார் பேச்சை நிறுத்திவிட்டான், யார் கால் இழுக்கிறது, யார் வீம்புக்கு முன்னால் ஓடுகிறான் என்று பக்கத்தில் ஓடுகிறவனுக்குத்தான் தெரியும். இன்றைக்கு நாம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிற கருவிக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

இனி ரோம். 1960 செப்டம்பர் 2, ஒலிம்பிக் மைதானம். நியூசிலாந்தின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 24 லட்சம்தான். லிடியார்ட் ரோமுக்கு வந்திருந்தார், ஆனால் அணியின் அதிகாரபூர்வப் பயிற்சியாளராக அல்ல. பையன்களை வளர்த்தவர் பார்வையாளர் பக்கம் இருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

800 மீட்டர் இறுதி. ஸ்னெல்லுக்கு 21 வயது, வெளியே யாருக்கும் தெரியாத பெயர். மூன்று நாளில் இது அவருக்கு நான்காவது ஓட்டம். மற்றவர்களுக்கும் நான்காவதுதான், ஆனால் மற்றவர்கள் வையாடருவா மேடு ஏறியவர்கள் அல்லர். உலக சாதனையாளரான பெல்ஜியத்தின் ரோஜர் மோயன்ஸ் கடைசி நேர்க்கோட்டில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வலப்பக்கம் திரும்பி யார் வருகிறார்கள் என்று பார்த்தார். ஸ்னெல் வந்ததோ இடப்பக்கம், உள்விளிம்பை ஒட்டி. கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் மேல் பாய்ந்தவருக்கு ஜெயித்தோமா இல்லையா என்றே உடனே தெரியவில்லை. 1 நிமிடம் 46.3 விநாடி. ஒலிம்பிக் சாதனை.

கைதட்டல் அடங்குவதற்குள் 5000 மீட்டர்காரர்கள் கோட்டில் வந்து நின்றார்கள். ஹால்பெர்க் நான்கு வருடத்துக்கு முன் மெல்போர்னில் 1500 மீட்டரில் பதினொன்றாவதாக வந்து மனம் நொந்தவர். இந்த ஓட்டத்துக்கு லிடியார்ட்டும் அவரும் சேர்ந்து போட்டுவைத்த திட்டம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியக்கூடியது. கடைசிச் சுற்றுக்காக எல்லோரும் சக்தியைச் சேமிக்கிற நேரத்தில், மூன்று சுற்று மீதம் இருக்கும்போதே தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். ஓடினார். சூம்பிய கையை மார்போடு ஒட்டிக்கொண்டு ஓடினார். ஒரு சுற்றில் இருபது மீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தது. கடைசிச் சுற்றில் அந்த இடைவெளி கரையத் தொடங்கியது, கிழக்கு ஜெர்மனியின் குரோடொட்ஸ்கி பின்னால் நெருங்கிக்கொண்டே வந்தார். அதற்குள் கோடு வந்துவிட்டது. ஹால்பெர்க் ஜெயித்த கையோடு புல்லில் விழுந்தார், முடிவுக் கோட்டு நாடா அவர் கையிலேயே இருந்தது. அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்.

இரண்டு தங்கத்துக்கும் இடையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. எட்டு நாள் கழித்து, அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி உலகை வாய்பிளக்க வைத்த அதே மராத்தானில் மூன்றாவதாக வந்தவர் பாரி மாகீ. ரோமில் நியூசிலாந்து வாங்கிய பதக்கங்கள் மொத்தமே இந்த மூன்றுதான். மூன்றும் லிடியார்ட்டின் பையன்கள் கழுத்தில் ஏறியவை.

நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 இரண்டையும் ஜெயித்தார், அந்த 1500-இல் வெண்கலம் வாங்கிய ஜான் டேவிஸும் நியூசிலாந்துக்காரரே. இதற்கு நடுவே, 1962 ஜனவரி 27 அன்று வாங்கனூய் என்ற சிறு ஊரில், புல்தரை டிராக்கில், ஸ்னெல் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்த வாரமே கிறைஸ்ட்சர்ச்சில், அதுவும் புல்தரையில், 800 மீட்டரை 1:44.3-இல் முடித்து இன்னொரு சாதனை. சின்தெடிக் டிராக் இல்லாததால்தான் நம்மால் முடியவில்லை என்று ஊர்க் கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுக்கலாம். டிராக் வேண்டாம் என்பதல்ல. டிராக் வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகாவது அதிகாரிகள் லிடியார்ட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களா? பட்டம் கொடுத்தார்கள். 1962-இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது, வெகுகாலம் கழித்து 1990-இல் நாட்டின் உயரிய கௌரவமான ஆர்டர் ஆஃப் நியூசிலாந்து. ஆனால் சங்க நிர்வாகிகளோடு அவருக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. முகத்துக்கு நேரே பேசிவிடுகிற ஆள், நயமாக நடந்துகொள்ளத் தெரியாது. தப்பு முழுக்க அவர்கள் பக்கம்தான் என்று சொல்லவும் முடியாது. வேடிக்கை என்னவென்றால், 1960-களில் அவருக்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டது ஒரு சிகரெட் கம்பெனியின் விளையாட்டு அறக்கட்டளை.

ஒலிம்பிக் கதையோடு நின்றிருந்தால் இந்த மடல் உங்களுக்கு வந்திருக்காது. உங்களில் எத்தனை பேர் ஒலிம்பிக் போகப் போகிறீர்கள்? சர்க்கரை எல்லை தாண்டியதால் ஓட வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொல்லி ஓட வந்தவர்கள், வயது நாற்பது ஆனதும் பயந்து ஓட வந்தவர்கள்தான் அதிகம். உங்களுக்கும் அவருக்கும் நேரடிச் சொந்தம் ஒன்று இருக்கிறது. சாம்பியன்களை ஓட வைத்த அதே முறையை, தூரத்தையும் வேகத்தையும் நன்றாகக் குறைத்து, மாரடைப்பு வந்து மீண்ட நடுவயதுக்காரர்களிடம் கொண்டுபோனார் லிடியார்ட். இதய நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும் என்று வைத்தியர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் ஜாகிங் கிளப் ஒன்று உருவானது. தொப்பையும் தயக்கமுமாக வந்தவர்கள் மெல்ல மெல்ல மைல் கணக்கில் ஓடத் தொடங்கினார்கள்.

1962 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் தன் ஓட்டக்காரர்களோடு நியூசிலாந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தன்னைத் தெம்பானவன் என்று எண்ணிக்கொண்டிருந்தவர். லிடியார்ட் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாகிங் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். சற்று நேரத்தில் கூட்டம் முன்னால் போய்விட்டது, பவர்மேன் மேட்டில் மூச்சுத் திணறிக்கொண்டு பின்தங்கினார். அவருக்காக வேகத்தைக் குறைத்துக் கூடவே வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எழுபதைத் தாண்டிய கிழவர். அவருக்கு அதற்குள் மூன்று தடவை மாரடைப்பு வந்திருந்தது. பவர்மேன் பதில் பேச மூச்சு இல்லாமல் ஓடினார். ஊருக்குத் திரும்பியதும் யூஜீன் நகரத்துக்காரர்களைத் திரட்டி ஓட வைத்தார், ஜாகிங் பற்றிப் புத்தகம் எழுதினார், அது லட்சக்கணக்கில் விற்றது. இவர்தான் 1964-இல் ஃபில் நைட்டோடு சேர்ந்து, பின்னால் நைக்கி என்று பெயர் மாறிய ஷூ கம்பெனியைத் தொடங்கியவர். அங்கே பற்றிய நெருப்புதான் 1970-களில் அமெரிக்கா முழுக்கப் பரவி, கடல் தாண்டி, மெரினாவுக்கும் ரேஸ்கோர்ஸ் சாலைக்கும் வந்து சேர்ந்தது.

லிடியார்ட் மெக்சிகோவுக்கும் ஃபின்லாந்துக்கும் போய்ப் பயிற்சி கொடுத்ததையெல்லாம் விரித்தால் மடல் நீளும். 1972 மியூனிக்கில் 10,000 மீட்டர் பாதியில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி உலக சாதனையோடு ஜெயித்த ஃபின்லாந்துக்காரர் லாஸே வீரன், லிடியார்ட் அங்கே விதைத்துவிட்டு வந்த முறையில் விளைந்தவர் என்பது மட்டும் போதும்.

அவருடைய முறையைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘வாரம் நூறு மைல்’ என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லிடியார்ட்டின் கணக்கில் நூறு மைல் என்பது அடித்தளம் மட்டும். அதன்மேல் மலையேற்றப் பயிற்சி, அதன்மேல் டிராக் வேகம், கடைசியில் குறித்த நாளன்று உச்சத்தில் இருக்கும்படி எல்லாவற்றையும் பொருத்துவது. அந்தப் பொருத்தம்தான் அவருடைய கைத்திறன், எண் அல்ல. அதுவும் பல வருடம் ஓடிப் பழகிய இளைஞர்களுக்கானது. மூன்று மாதத்துக்கு முன் ஓட ஆரம்பித்த நாற்பத்தைந்து வயது ஆடிட்டருக்கு அல்ல.

லிடியார்ட்டின் உள்ளுணர்வுக்குக் காரணம் சொன்னது யார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை அழுத அந்தப் பையன்தான். பீட்டர் ஸ்னெல் ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்கா போய், உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்று, டல்லஸில் ஆராய்ச்சியாளராக இருந்தார். நீள ஓட்டத்தில் மெதுவான தசைநார்களின் சக்தி இருப்பு தீரத் தீர, வேகத் தசைநார்களும் வேலைக்கு இழுக்கப்படுகின்றன, அதனால்தான் 800 மீட்டர்காரனுக்கும் 35 கிலோமீட்டர் பலன் தருகிறது என்று விளக்கினார். குரு கால்களில் கண்டுபிடித்ததற்குச் சிஷ்யர் முப்பது வருடம் கழித்து உரை எழுதினார்.

லிடியார்ட் 2004 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் இறந்தார். வயது 87. ஓட்டக்காரர்களிடம் பேசுவதற்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த பயணத்தின் நடுவில் போனார். இருபத்தேழு வயதில், நாற்பத்தேழில் என்ன ஆவோம் என்று பயந்தவர்.

நண்பர்களே, உங்கள் ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஆள் இருக்கிறார். மூன்றரைக்கே வந்து தண்ணீர் கேனை இறக்குபவர். ஆரஞ்சுச் சுளையும் கடலைமிட்டாயும் உப்பும் வாங்கிவைப்பவர். புதிதாக வந்த பெண் கடைசியில் தனியாக ஓடாமல் இருக்க சைக்கிளில் கூடவே வருபவர். எல்லோரும் ஓடி முடித்து, போட்டோ எடுத்து, இட்லிக் கடைக்குப் போன பிறகு கீழே கிடக்கும் பேப்பர் கப்பைப் பொறுக்குபவர். பல குழுக்களில் அவர் போட்டோவிலேயே இருக்க மாட்டார், ஏனென்றால் போட்டோ எடுப்பதே அவர்தான். அவரும் ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்தவராகத்தான் இருப்பார். உங்கள் தண்ணீர் மேசையைப் பார்த்துக்கொள்ளப் போய் அவருடைய ஓட்டம் நின்றிருக்கும்.

டிசம்பர் 11-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் வெயில் ஏறத் தாமதமாகும், ஓடுவதற்கு வருடத்திலேயே நல்ல காலம். அன்றைக்கு மேசைப் பொறுப்பை உங்களில் நாலு பேர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளை ஓட விடுங்கள், முதலில் ஐந்து மைல் போதும், அவர் வேகத்திலேயே யாராவது ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டு கூடவே போங்கள். அவருடைய ஷூ அளவை இப்போதே கேட்டுவைத்துக்கொண்டால் நல்லது.